றாஹிலாவுக்கு றாஹிலா எழுதுவது

குவைத்
12.09.1980

கண்ணியத்துக்குரிய றாஹிலா தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தையும் நீண்ட ஹயாத்தையும் தரவேண்டும். வழக்கத்துக்காக இதை எழுதவில்லை. உங்கள் ஹயாத்தை, உங்கள் உயிரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் நபீலா, ஊர் ஒலுவில். நீங்கள் என்னிலும் மூத்தவர் என்பதால் அக்கா முறைக்குத் தாத்தா என்று எழுதுகிறேன். அதற்காகக் கோபிக்க வேண்டாம். கோபிக்க வேண்டிய காரணம் இனித்தான் வரப்போகிறது.

நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. ஒரு வீட்டில் சமையலும் பிள்ளை பார்ப்பதும் வேலை. ஆனால் நான் வந்தது என் பெயரில் அல்ல. பாஸ்போட்டில் படம் மட்டும் என்னுடையது. றாஹிலா அச்சிமுகம்மது என்ற பெயர், பிறந்த திகதி, கல்முனைக்குடி விலாசம் எல்லாம் உங்களுடையவை. என்னை அனுப்பிய ஏஜென்ட் றஸாக், "உனக்கு வயசு காணாது புள்ள. பதினேழு வயசுக்கு விசா அடிக்க மாட்டானுகள். இந்தப் பேர்ல போ. இது மௌத்தாப் போன ஒரு புள்ளைட பேர், ஆருக்கும் நட்டமில்ல" என்றார். வாப்பா இல்லாத வீடு, எனக்குக் கீழே மூன்று பேர். நானும் ஓம் என்றுவிட்டேன்.

மௌத்தாகி மண்ணுக்குள் போன ஒருவரின் பெயரைப் போட்டுக்கொண்டு திரிகிறோமே என்று மனம் கேட்கவில்லை. அதனால் வெள்ளிக்கிழமைகளில் உங்களுக்காக யாசீன் ஓதினேன். உங்கள் கப்றுக்குழியை வெளிச்சமாக்கி வைக்கும்படி அழுது துஆக் கேட்டேன். போன கிழமை, இந்தத் தெருவிலேயே வேலை செய்யும் கல்முனைக்குடிச் சுஹறா தாத்தாவைக் கண்டேன். கதையைச் சொன்னதும் அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "எந்த றாஹிலா? சல்மா உம்மாட மகளா? அவ உசிரோட இரிக்கா புள்ள! நான் வரக்குள்ள கடப்படி வாசல்ல நிண்டு வழியனுப்பினவ!"

தாத்தா, எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. பிறகு பயத்தில் அழுகை வந்தது. நீங்கள் உயிரோடு இருந்தால் நான் திருடி அல்லவா? என்னை மன்னிக்க முடியுமா?

பதில் போடுவதானால் உறையில் உங்கள் பெயரையே எழுதுங்கள். இந்த வீட்டில் நபீலா என்று ஒருவரும் இல்லை.

ஸலாத்துடன்,
உங்கள் பெயரில் இருக்கும்
நபீலா


கல்முனைக்குடி
20.10.1980

நபீலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். மௌத்தாகவில்லை. உம்மாவும் சுகம், உன் கடிதத்தை வாசித்துக் காட்டியதிலிருந்து மட்டும் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். யாசீன் ஓதியதற்கு நன்றி. எப்படியும் ஒருநாள் தேவைப்படத்தானே போகிறது.

தபால் கந்தோரில் செல்லத்தம்பி அண்ணன் இந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "என்ன தங்கச்சி, அனுப்புறதும் நீ, வாங்குறதும் நீயோ?" என்று கேட்பார். குவைத்தில் என் பெயரில் ஒரு சொந்தக்காரி இருக்கிறாள் என்று சொல்வதாக முடிவு செய்திருக்கிறேன்.

என் கதையையும் கேள். வாப்பா மௌத்தாகும்போது எங்கள் வளவில் வீட்டுக்கு அத்திவாரம் மட்டும் போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை வரமாட்டான் என்பது உனக்கும் தெரியும். கட்டித்தரக் காக்கா, தம்பி என்று கூடப்பிறந்த ஆண் யாரும் எனக்கில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது. நானே போய் உழைத்துக் கட்டுகிறேன் என்று இறங்கினேன்.

றஸாக் எங்கள் பள்ளிவாசலில் முன் வரிசையில் நின்று தொழுகிறவர். பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேட்டார், மூலப் பிரதியையே கொடுத்தேன். நிரப்பாத விண்ணப்பப் பாரங்களில் கையெழுத்துக் கேட்டார், போட்டேன். போட்டோ கேட்டபோதுதான் உம்மா ஒரேயடியாக மறுத்தார். கலியாணமாகாத குமர்ப் பிள்ளை ஸ்டூடியோக்காரன் முன்னால் போய் முக்காட்டை விலக்கிக்கொண்டு இருப்பதா என்றார். றஸாக்குக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் நல்ல குடும்பம். போட்டோ வேணாம், அத நான் பாத்துக்கிறன்" என்றார். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று அன்றைக்கு அவருக்கு வட்டிலப்பம் என்று இனிப்பு வேறு வைத்தோம்! அவருக்குத் தேவைப்பட்டது முகம் ஒட்டாத ஒரு பெயர். நாங்களே தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

இன்றுவரைக்கும் "விசா அடுத்த மாசம் வருது" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

உன் மேல் கோபமில்லை என்று எழுதமாட்டேன். இருக்கிறது. நான் போகவேண்டிய இடத்தில் நீ இருக்கிறாய். ஆனால் பதினேழு வயது என்று வாசித்ததிலிருந்து அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் செய். எனக்குச் சொல்லாமல் என் பெயரில் எதிலும் கையெழுத்து வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. என் பெயரை வைத்துக்கொண்டு மெலிந்து போனால் எனக்குத்தான் மரியாதைக் குறைவு.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் றாஹிலா


குவைத்
05.01.1981

அன்பான தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்தையும் சல்மா உம்மாவின் சுகத்தையும் நாடுகிறேன். எனக்குக் குளிரில் கை வெடித்திருக்கிறது, மற்றப்படி குறையில்லை. நீங்கள் சொன்னதற்காகவே வயிறாரச் சாப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இந்த நாட்டில் எனக்கு நபீலா என்று எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான். பாபா, அதாவது இந்த வீட்டுக்காரர், நல்லவர். ஆனால் அவர் 'அச்சிமுகம்மதின் மகள்' என்று கூப்பிடும்போதெல்லாம் என் வாப்பா காலிதீனின் முகம் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. பெற்ற தகப்பனை விட்டு இன்னொருவரைத் தகப்பன் என்பது ஹறாம் என்று மதறசாவில் படித்திருக்கிறோம். உங்கள் வாப்பாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்தே துஆச் செய்கிறேன்.

இப்போது ஒரு பெரிய சிக்கல். பாபா மாதாமாதம் என் உம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் அனுப்புகிறார். மீதிச் சம்பளம் முழுவதும் அவரிடம்தான் இருக்கிறது. இரண்டு வருடம் முடிய, வரும் ஓகஸ்டில், ஒன்றாக வங்கி டிராப்டில் அனுப்புவதாகப் பேச்சு. பெரிய தொகையென்பதால் பாஸ்போட்டில் உள்ள பெயருக்குத்தான் அதை எழுதுவார்களாம். இலங்கையில் அதை மாற்றக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான், தாத்தா.

இது றஸாக்குக்கும் தெரிந்திருக்கிறது, உம்மாவுக்கு வரும் கடிதங்களை வாசித்துக் கொடுப்பவர் அவர்தானே. ஒரு அதிகாரக் கடதாசி அனுப்பி, அதில் றாஹிலா என்று கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பட்டாம். தானே டிராப்டை மாற்றி என் உம்மாவின் கையில் கொடுப்பாராம். மறுத்தால் கள்ளப் பாஸ்போட் என்று போலீசில் சொல்லுவாராம். நீங்கள் சொன்னபடி நான் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் பயமாயிருக்கிறது. என்ன செய்ய?

சல்மா உம்மாவுக்கு என் ஸலாம்.

நபீலா


கல்முனைக்குடி
24.02.1981

அன்பு நபீலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் இருவரும் சுகம். வெடித்த கைக்குத் தேங்காயெண்ணெய் பூசு. அங்கே தேங்காயெண்ணெய் இல்லாவிட்டால் எதையாவது பூசு, சும்மா விட்டுவிடாதே.

முதலில் பயத்தை விடு. றஸாக் போலீசுக்குப் போகமாட்டான். போனால் அந்தப் பாஸ்போட்டை யார் செய்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். (இனி அவனுக்கு 'ஆர்' போட்டு எழுதமாட்டேன்.) பயந்தவர்களிடம்தான் அவன் வித்தை பலிக்கும்.

நான் வங்கிக்குப் போனேன். இதுவரை வாசலைத் தாண்டியதில்லை. அங்கே நல்லரெத்தினம் என்று பாண்டிருப்புக்காரர் ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து என் பெயருக்கு டிராப்ட் வரும், வேறு எவனாவது என் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கக்கூடும் என்று சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு நன்றாகக் கேட்டார். "தங்கச்சி, இப்பவே ஒரு கணக்கத் திறந்து, கையெழுத்த எங்களிட்ட வச்சிட்டுப் போங்க. படம் போட்ட அடையாள அட்டையும் எடுங்க. முகமும் கையெழுத்தும் இஞ்ச இரிந்தா, வேற ஆரும் வந்து உங்கட பேரச் சொல்லி ஒரு சதமும் எடுக்கேலாது."

படம்! வீட்டுக்கு வந்து பயந்து பயந்து சொன்னேன். உம்மா முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அண்டைக்கு எடுத்திரிந்தா அந்தப் பாஸ்போட்டில உன்ட மூஞ்சிதானே இரிந்திரிக்கும். எழும்பு, போவம்" என்றார்.

ஸ்டூடியோவில் நடந்ததைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். என் முக்காட்டை உம்மா சரிசெய்தபடியே நின்றார். முதற் படத்தில் என் கன்னத்துக்குப் பக்கத்தில் உம்மாவின் கை விழுந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர், "இந்தக் கைக்கும் ஒரு அட்டை எடுக்கவா மாமி?" என்று கேட்டார். இரண்டாம் படம் சரி. பதிவுகாரரிடம் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்குப் புதுப் பிரதி எடுத்தேன். அட்டைக்கு எழுதிப் போட்டாயிற்று. கணக்கும் திறந்தாயிற்று.

நீ செய்யவேண்டியது இதுதான். டிராப்டை எவர் கையிலும் கொடுத்து விடாதே. பதிவுத் தபாலில் நேரே அனுப்பச் சொல். அனுப்பும் திகதியை றஸாக்குக்கும், அவனோடு கதைக்கிற யாருக்கும் சொல்லாதே.

நான் மட்டும் உன்னை ஏமாற்றமாட்டேன் என்று என்ன நிச்சயம் என்று நீ கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். என்னை நம்பு என்று நான் எழுதமாட்டேன். அந்தச் சொல்லை றஸாக்கிடம்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். நன்றாக யோசித்துச் செய்.

துஆவுடன்,
றாஹிலா


குவைத்
18.04.1981

என் தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா? நான் நல்ல சுகம். கை ஆறிவிட்டது. சல்மா உம்மாவின் கை விழுந்த படத்தை நினைத்து நினைத்து அடுப்படியில் தனியாகச் சிரிக்கிறேன். வீட்டுக்காரம்மா எனக்குப் பைத்தியமோ என்று பார்க்கிறார்.

றஸாக் மூன்றாம் தடவையும் அந்தக் கடதாசியை அனுப்பினான். இந்த முறை நான் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன். பதற வேண்டாம்! நபீலா காலிதீன் என்று என் சொந்தப் பெயரை வடிவாக எழுதினேன். அதை எந்த வங்கியில் கொண்டுபோய்க் காட்டுவான்? என் பெயரை எழுத எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா? அவன் கிழித்துப் போட்டிருப்பான். போடட்டும்.

டிராப்டை உங்களுக்கே அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டேன். யோசித்துத்தான் முடிவு செய்தேன். நம்பு என்று நீங்கள் எழுதாதபடியால் நம்புகிறேன்.

ஒரு ஆசை. உங்கள் படம் ஒன்றை அனுப்புவீர்களா? இந்தப் பெயருக்கு உரிய முகத்தை ஒருதடவை பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

நபீலா


கல்முனைக்குடி
02.06.1981

அன்பு நபீலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இருவரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். நீ கையெழுத்து வைத்த கதையை உம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "ஒலுவில்காரிக்குக் கொழுப்பு" என்றார். அது பாராட்டு.

படம் அனுப்பமாட்டேன். என் பெயர் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. படமும் வந்து சேர்ந்தால், வழியில் எவனாவது உறையை உடைத்து இன்னொரு றாஹிலாவைச் செய்து துபாய்க்கு அனுப்பிவிடுவான். கோபிக்காதே. எழுத்தில் சொல்கிறேன். மாநிறம். நெட்டை என்று சொல்ல முடியாது. இடது புருவத்தில் சின்ன வெட்டு, சிறுவயதில் கிணற்றுக் கட்டில் விழுந்தது. பல்லைப் பற்றிக் கேட்காதே. அழகி என்று உம்மா மட்டும் சொல்வார்.

மருதமுனைக்கு நெசவுக்குப் போகிறேன். கிடைத்ததைச் சேர்த்து வீட்டுச் சுவரை எழுப்பிவிட்டோம். இனிக் கூரை மட்டும்தான். இங்கே ஒரு பேச்சும் நடக்கிறது. முடிந்தால் எழுதுகிறேன். முடியுமுன் எழுத வெட்கமாயிருக்கிறது.

உன் உம்மாவுக்கும் தங்கச்சிமாருக்கும் ஸலாம் எழுது.

றாஹிலா


குவைத்
26.08.1981

அன்பின் தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகமாயிருக்க அல்லாஹ் துணை. நான் சுகம்.

பாபா சொன்ன சொல் தவறவில்லை. இன்று உங்கள் பெயருக்கு டிராப்ட் எடுத்து, என் கண் முன்னாலேயே பதிவுத் தபாலில் போட்டார். என் இரண்டு வருடமும் அந்த உறைக்குள் இருக்கிறது, தாத்தா. புது வேலைக்காரி வரும்வரை நான் இங்கே நிற்கவேண்டும். மாரிக்குள் வந்துவிடுவேன்.

நீங்கள் எழுதுவதாகச் சொன்ன பேச்சு என்னவென்று எனக்கு விளங்கிவிட்டது. கலியாணம்தானே? மாப்பிள்ளை நல்லவராக அமைய ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

கிடைத்ததும் இரண்டு வரி எழுதுங்கள். வேறொன்றும் வேண்டாம், கிடைத்தது என்று மட்டும்.

நபீலா


குவைத்
30.10.1981

றாஹிலா தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டு மாதமாகிறது. உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால் தாமதம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். நேற்று உம்மாவின் கடிதம் வந்தது. உம்மாவுக்கு எழுதத் தெரியாது, றஸாக்தான் எழுதியிருக்கிறான், கையெழுத்தில் தெரிகிறது. உம்மா உங்கள் வீட்டுக்கு வந்தாராம். காசு வந்தது உண்மை, தரமாட்டேன் என்று நீங்கள் சொன்னீர்களாம். "அவ ஊடு கட்டிட்டிரிக்கா, கலியாணமும் பேசி முடிஞ்சிட்டாம். உன்ட காசில கூரை ஏறுது" என்று எழுதியிருக்கிறது.

நான் நம்பவில்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். கை வரவில்லை. நம்பிவிட்டேன் என்றும் எழுத முடியவில்லை. நான் உங்கள் பெயரை எடுத்தவள். நீங்கள் என் காசை எடுத்தால் கேட்க எனக்கு என்ன உரிமை என்றும் நினைத்தேன். ஆனால் தங்கச்சிமாரை நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது.

எதுவென்றாலும் நீங்களே எழுதுங்கள். ஏச்சென்றாலும் பரவாயில்லை.

நபீலா


கல்முனைக்குடி
19.11.1981

என் தங்கச்சி நபீலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். சுகம் விசாரிக்க இப்போது நேரமில்லை, முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் காசு பத்திரமாக இருக்கிறது. ஒரு சதமும் குறையவில்லை. தலையணையில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தால் எழும்பு.

டிராப்ட் வந்ததும் எழுதாதது ஏன் என்று சொல்கிறேன். கிடைத்தது என்று நான் எழுதினால் நீ சந்தோசத்தில் உன் உம்மாவுக்கு எழுதுவாய். உம்மாவுக்கு வரும் கடிதத்தை வாசித்துக் கொடுப்பவன் றஸாக். வெளிநாட்டு டிராப்ட் காசாகிக் கணக்கில் விழ நாள் செல்லும் என்று நல்லரெத்தினம் சொன்னார். அது விழும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். ஆனால் உறை வந்ததை அவன் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். வங்கிக்கும் போயிருக்கிறான், றாஹிலா தந்த அதிகாரம் என்று ஏதோ ஒரு கடதாசியோடு. நல்லரெத்தினம் என் கையெழுத்தையும் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, "அப்ப அவவையே கூட்டிட்டு வாங்களன்" என்றாராம். திரும்பிப் பார்க்காமல் போனானாம்.

அதன் பிறகுதான் உன் உம்மாவைக் கூட்டி வந்தான். வந்த ஹாஜறா மாமி உன் உம்மாதான் என்று எனக்கு நன்றாக விளங்கியது. நீ எழுதிய ஒவ்வொன்றையும் சொன்னார். ஆனால் அவன் வேன் சந்தியில் நின்றதை எங்கள் வேலிக்கு மேலால் கண்டேன். காசை எடுத்துக் கொடுத்தால் ஒலுவிலுக்குப் போய்ச் சேருமுன் அந்தச் செலவு, இந்தச் செலவு என்று அவன் உரித்துவிடுவான். சொல்லிப் பார்த்தேன். "அந்த மனிசன் இல்லாட்டி என்ட புள்ளைக்குக் குவைத் ஏது? நீதான் கள்ளி" என்று அழுதார். சோறு போட்டேன், தொடவில்லை. அவர் வாசலைக் கடந்து போனது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

உன்னுடைய காசு உன் கையில்தான் வரும். நீ வா. வேறு யார் வந்தாலும், யார் எழுதினாலும் கொடுக்கமாட்டேன்.

அந்தக் கலியாணப் பேச்சு நின்றுவிட்டது. பெரிய விஷயமில்லை.

மாரி தொடங்கிவிட்டது. விமானத்தில் ஏறுமுன் எதையாவது சாப்பிடு.

உன் தாத்தா,
றாஹிலா


ஒலுவில்
08.01.1982

என் உயிரான தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்றுத்தான் உங்கள் வீட்டிலிருந்து வந்தேன், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். உம்மாவும் தங்கச்சிமாரும் சுகம். உம்மா நேற்று இரவு முழுவதும் அழுதுவிட்டு, உங்கள் பெயரைச் சொல்லி இரண்டு றக்அத் தொழுதார். சொன்ன சொல்லுக்கு மாப்புக் கேட்டு வருவார்.

வங்கியில் நல்லரெத்தினம் ஐயா என் பெயரில் கணக்கைத் திறந்து, காசை மாற்றித் தந்துவிட்டார். சட்டத்தரணியிடம் இருவருமாகப் போய், பாஸ்போட்டை ஒப்படைத்து, நடந்ததை எழுதிக் கொடுத்ததில் இரண்டு வருடப் பயமும் போய்விட்டது. றஸாக் தன் ஏஜென்ட் கந்தோரைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கு ஓடிவிட்டானாம். போலீசில் தேடுகிறார்களாம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. நீங்கள் சீனி வாங்கக் கடைக்குப் போனபோது சல்மா உம்மா அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மகள், இவள் உனக்கு எழுதியிரிக்க மாட்டாள். அவன் றஸாக் முதல்ல தனியாத்தான் வந்தான். இந்த வாசல்ல இரிந்து சொன்னான், 'காசு உன்ட பேர்ல வந்திரிக்கு, அப்ப உன்ட காசுதான். கூரையப் போட்டுக் கலியாணத்த முடி. அந்தப் புள்ள ஆருக்கிட்டப் போய்ச் சொல்லும்? சொன்னா அதுதான் உள்ள போகும்' எண்டு. மாப்புளை ஊட்டார் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னுக்குக் கூரை ஏறினாத்தான் கலியாணம் எண்டு நிண்டவங்க. நானும் கேட்டன் மகள், பொய் சொல்லப்படாது. கொஞ்சம் எடுத்துப் போட்டுட்டு மெல்ல மெல்லக் குடுப்பமே எண்டு கேட்டன். 'உம்மா, அது அந்தப் புள்ளைட ரெண்டு வருசம்' எண்டாள். அவ்வளவுதான். மாப்புளை ஊட்டார் வேற இடத்தில முடிச்சிட்டாங்க."

நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். சுவருக்கு மேலே வானம் தெரிந்தது. ஒரு மூலையில் படங்குச் சீலை கட்டி, அதற்குக் கீழே இரண்டு பாய். மாரி முழுவதும் அதற்குக் கீழேதான் நனைந்திருக்கிறீர்கள். வங்கியில் உங்கள் பெயரிலேயே என் காசு கிடந்தது. 'பெரிய விஷயமில்லை' என்று எனக்கு எழுதினீர்கள். தாத்தா, உங்களோடு எனக்குக் கோபம். அதைவிட அன்பு. எனக்குக் கூடப்பிறந்த தாத்தா கிடையாது. இனி அப்படிச் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை ஒரு லொறி வரும். கூரைக்கான ஓடுகளும் மரமும் அதில் இருக்கும். தங்கச்சிமாருக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டுத்தான் வாங்கினேன், அதில் உங்களுக்குக் கவலை வேண்டாம். உங்களைக் கேட்டால் மறுப்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. ரசீது என் பெயரில் இருக்கிறது.

சல்மா உம்மாவின் கையைப் பிடித்து என் ஸலாத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
நபீலா காலிதீன்


கல்முனைக்குடி
24.01.1982

என் தங்கச்சி நபீலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகமா? ஹாஜறா மாமி வந்தார். மாப்புக் கேட்க வாய் திறந்தவரை விடாமல் சோற்றை வைத்தேன். இந்த முறை சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

உன் லொறி வந்த அன்று நான் கடப்படி வாசலை மறித்து நின்று, திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன். லொறிக்காரர் ரசீதை எடுத்துப் பார்த்தார். "இதில நபீலா எண்டெல்லோ போட்டிரிக்கு. அவ வந்து சொன்னாத் திருப்புவன். நீங்க அவ இல்லையே?" என்றார். நீ வேண்டுமென்றே செய்திருக்கிறாய் என்று தெரியும். நான் ரசீதை வாங்கிப் பார்ப்பதற்குள் உம்மா ஓட்டை இறக்கி அடுக்கத் தொடங்கிவிட்டார்.

கூரை முடிந்துவிட்டது. ஒரு தரகர் இரண்டு தடவை வந்து வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும். எனக்கு இப்போது அவசரமில்லை.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்ல மழை. உம்மா பழக்கத்தில் சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு ஒழுக்குக்கு வைக்க ஓடி வந்தார். வைக்க இடமில்லாமல் நடு அறையில் நின்றார். ஒரு சொட்டும் விழவில்லை. இருவரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம், பிறகு நான் அழுதேன் நபீலா. உம்மா கண்டால் தானும் அழுவார் என்று அடுப்படிக்குப் போய் அழுதேன். இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

கலியாணம் வரும்போது வரும். இந்த வீட்டில் முதலில் வந்து படுக்கவேண்டியவள் நீ. வெள்ளிக்கிழமை வா, தங்கச்சிமாரையும் கூட்டி வா. உனக்கென்று ஒரு பாய் இழைத்து உள்ளறையில் விரித்து வைத்திருக்கிறேன்.

உன் தாத்தா,
றாஹிலா